சம்பளத் துண்டில் இல்லாத மாவு

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

என்னுடைய பொறுப்பாளர் இதைக் கோபத்தோடு கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். இன்றைக்கும் மகளைக் கார்டரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு மெட்ரோவில் நின்றுகொண்டு போகும்போது அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கட்டிப் பார்ப்பேன். நிற்காது. உண்மையான பதிலைச் சொன்னால் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு உடைந்துவிடும். சொல்லாவிட்டால் நான் கற்பனை செய்கிறேன் என்றாகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருந்தி இதை எழுதவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிறவள் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த பிறகும் போத்தலில் உள்ள அளவை மறுபடி வாசிக்கிறவள். ஆனால் இந்த விடயத்தில் எத்தனை தரம் திரும்பிப் போய்ப் பார்த்தாலும் அடுப்பு அணைந்துதான் இருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், இன்றைக்கு மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஊரில் புள்ளிவிபரவியல் படித்திருந்தேன். மொன்றியலுக்கு வந்து பிரெஞ்சு வகுப்புகளை முடித்ததும் ஒரு சுகாதார ஆய்வுக் குழுவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மூச்சு வருத்தங்களைப் பற்றிய ஆய்வு. நகரத்தில் எந்த வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா அதிகமாக வருகிறது, வேலைத்தலத்தில் அவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

நேர்காணலில் மனிதர்கள் தங்கள் வேலையைத் தங்கள் சொற்களில் சொல்வார்கள். ஆய்வுக்கு எண்கள் வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் போடப்படும். ஒன்று அவர் செய்யும் தொழிலுக்கு. மற்றது அவர் வேலை செய்யும் இடம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதற்கு. மருத்துவமனையில் கூட்டுகிறவருக்கும் வங்கியில் கூட்டுகிறவருக்கும் தொழில் எண் ஒன்றுதான், துறை எண் வேறு. அந்த இரண்டு எண்களையும் சேர்த்து இன்னொரு அட்டவணையில் போட்டால், அவர் எந்தத் தூசிக்குள் நின்றிருப்பார், எந்தப் புகைக்குள் நின்றிருப்பார் என்று அது சொல்லும். எண் பிழைத்தால் தூசியும் பிழைக்கும்.

முன்னர் இதற்குத் தடித்த புத்தகங்களைப் புரட்டினார்களாம். நான் போனபோது அதற்கென ஒரு மென்பொருள் வந்திருந்தது. ஒரு பெட்டியில் வேலையின் பெயரை எழுதுவோம், மறு பெட்டியில் முதலாளியின் பெயரையும் அவர் செய்யும் தொழிலையும் எழுதுவோம். பொருந்தக்கூடிய எண்களை அது கீழே வரிசையாகக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்று ஒரு புள்ளியும் போடும். நிச்சயம் கூடியிருந்தால் பச்சை நிறம். பச்சை வந்தால் ஏற்றுக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போகலாம். மாற்றுவதானால் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் நேர்காணலில் எழுதப்பட்டதற்குள் இருந்தே வர வேண்டும்.

எனக்கு அந்த மென்பொருளைப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சீமெந்து ஆலை, முடி அலங்காரம், விமானத்துக்கு வர்ணம் அடித்தல் என்று எதைப் போட்டாலும் களைக்காமல் தேடித் தரும். முதல் மாதங்களில் நான் ஒரு எண்ணையும் அது வேறு எண்ணையும் சொன்னால் பிழை என்னுடையதுதான் என்று நம்பினேன். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

குளிர் குறையத் தொடங்கிய நாட்களில், நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் நேர்காணல்கள் என் மேசைக்கு வந்தன. பெயரும் விலாசமும் இருக்காது. பேசும் மொழியும் வேலை விபரமும் வருத்த விபரமும் மட்டும்தான். அவற்றில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் ஒரே மாதிரி இருந்தார்கள். முதலாளி என்ற இடத்தில், ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சியின் பெயர். வேலை என்ற இடத்தில், அலுவலக உதவியாளர். மூச்சு எடுக்கக் கஷ்டமா என்ற இடத்தில், ஆம். மென்பொருள் கொஞ்சமும் தயங்கவில்லை. அலுவலக உதவி, ஆட்சேர்ப்பு நிறுவனம். நல்ல பச்சை. தூசி அட்டவணையில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. சுத்தமான காற்றில், கதிரையில் இருந்து கடதாசி அடுக்குகிறவர்கள்.

அந்த ஏஜென்சியின் வான் எங்கள் வீட்டு மூலையில்தான் நிற்கும். விடிய ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் இறக்கிவிடும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவரும்போது அதிலிருந்து இறங்குகிறவர்களைக் காண்பேன். கண் இமையில் வெள்ளை, காது மடலில் வெள்ளை, சப்பாத்தின் தையலில் வெள்ளை. பக்கத்தால் போனால் புளித்த மாவின் மணம் வரும். சென்ட் லோரன்ட் பகுதியில் மாவைப் புளிக்கவைத்துப் பாண் சுடும் ஒரு பெரிய தொழிற்சாலைக்குத்தான் அவர்கள் போய் வந்தார்கள் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாவுத் தூசி ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏன் அலுவலக உதவியாளர் என்று வந்தது? எனக்கு அது உடனே விளங்கியது. நானும் அதே ஆட்களில் ஒருத்தி. நாங்கள் கேஸ் என்று சொல்லும் அகதி விசாரணை எங்களுக்குப் படிப்பித்த பாடம் ஒன்று உண்டு. வாயால் சொன்னதும் கடதாசியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு திகதி பிசகினால் வழக்கே பிசகும். அதன் பிறகு எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் எங்கள் கை கடதாசிகள் வைத்த பொலித்தீன் பைக்குள்தான் போகும். பிறந்த திகதியைக்கூடக் கடதாசியைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர்காணல் செய்ய வந்தவர் என்ன வேலை என்று கேட்டிருப்பார். இவர்கள் பையைத் திறந்து சம்பளத் துண்டை எடுத்து வாசித்திருப்பார்கள். அந்த ஏஜென்சி எல்லோருடைய துண்டிலும் ஒரே வேலைப் பெயரைத்தான் அடித்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய கணினிக்கும் ஒரு பெயர்தான் தெரிந்திருந்ததோ என்னவோ. எப்படியோ, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் எங்கும் எழுதப்படவில்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன், ஆட்களைப் பற்றி அல்ல, பொதுவாக. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரும் அதே வானில் ஏறியவர்தான். இப்போது ஒரு களஞ்சியத்தில் வேலை. நான் நாள் முழுக்கத் தூசிக்கு எண் போடுகிறவள் என்பதால் அவர் வாசலிலேயே உடுப்பை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றைக்கும் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"கொம்பியூட்டர் பச்சை காட்டினால் உமக்கென்ன? நீர் அதுக்குப் படிப்பிக்கப் போறீரோ?"

"அது பிழையாச் சொல்லுது."

"பிழையாச் சொல்லட்டும். அதுக்குக் கொன்ட்ராக்ற் இல்லை. உமக்கு இருக்கு."

அது சரி. வசந்த முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டினால் நீட்டலாம். வேலை போனால் கார்டரி இடமும் போய்விடும் என்ற பயம் எனக்கு. அந்த இடத்துக்காகப் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே பெயர் பதிந்து காத்திருந்தோம்.

மறுநாள் காலை அந்த ஏஜென்சி அனுப்பும் ஆட்கள் எல்லோருக்கும் பச்சையை விட்டுவிட்டு, உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளி என்று எண் போட்டேன். காரணம் எழுதும் பெட்டியில் என்ன எழுதுவது? யோசித்து யோசித்து, "அறியப்பட்டபடி" என்று எழுதினேன். யாரால் அறியப்பட்டது என்று எழுதவில்லை. அதை வாசித்துவிட்டுத்தான் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், என் அம்மாவின் வயது. இங்கே எல்லோரையும் போல என்னை நீ என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை நீ என்று கூப்பிட வேண்டும் என்பார்; எனக்கு அது கடைசிவரை நாக்கில் வரவில்லை. என்ன பதில் சொல்லலாம்? மூலைக் கடையான டெப்பனரில் எனக்கு முன்னால் பால் வாங்க நின்ற மனிதரின் காதில் மாவு இருந்தது என்றா? வேலையில் சேர்ந்த அன்றைக்கு, ஆய்வில் இருப்பவர் யார் என்று ஊகிக்க மாட்டேன், ஊகித்தாலும் அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்திட்டிருந்தேன். என் கணவரும் அந்த வானில் போனவர் என்றா? அது பல வருடங்களுக்கு முந்திய கதை. இவர்களைப் பற்றிய சாட்சியம் அல்ல.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். எண் போடுகிற ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை உள்ளே ஊற்றினால் அது ஆய்வாக இருக்காது, ஊர்ப் பேச்சாகிவிடும். இன்றைக்கு நீ நல்லது நினைத்து ஊற்றுகிறாய், நாளைக்கு இன்னொருவர் வேறு எதையோ ஊற்றுவார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு அதுதான் கடுப்பாக இருந்தது. சரியான விதி ஒன்று, கண்முன்னே பிழையான எண்ணை உற்பத்தி செய்துகொண்டிருந்தது.

என் மாற்றங்களை அவர் அழித்தார். பச்சை திரும்பி வந்தது.

அந்த இடத்தில் வழக்கமான நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். அன்றைக்கு ஏதோ வந்தது. அப்படியானால் அவர்களையே கேட்போம், என்றேன். மறுபடி தொடர்புகொள்ளலாம் என்று சம்மதித்தவர்கள் இருக்கிறார்கள், தமிழில் பேச இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் சம்மதித்தார், நிபந்தனையோடு. ஒரேயொரு கேள்வி: உங்கள் முக்கிய வேலைகளை விபரியுங்கள். மாவு, தூசி, தொழிற்சாலை என்ற சொல் எதுவும் என் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது. ஒருவராவது துண்டில் இருப்பது தன் வேலை அல்ல என்று தானாகச் சொன்னால், அந்த ஏஜென்சியின் பதிவுகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கும்படி ஆய்வுக் குழுவிடம் அவரே கேட்பார். ஒருவரும் சொல்லாவிட்டால் பச்சைதான்.

பெயரில்லாமல் அவர் தந்த தொலைபேசி இலக்கங்களை அழைக்கத் தொடங்கினேன். மறுமுனையில் பொலித்தீன் பையின் சரசரப்பு. "ஒபிஸ் அசிஸ்ரன்ற் எண்டு கிடக்கு, பிள்ளை." அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவர் துண்டைப் பிரதி எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். முக்கிய வேலைகளை விபரியுங்கள் என்ற அந்த வசனத்தைத் தமிழில் சொல்லும்போது எனக்கே விசாரணை மண்டபத்தில் இருப்பது போல இருந்தது. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகு ஒருவர். குரலில் ஐம்பதைத் தாண்டியவர் போலத் தெரிந்தது. பேசத் தொடங்க முன்னரே இருமினார். எழுதித் தந்த கேள்வியைக் கேட்டேன்.

"துண்டில இருக்கிறதுதான், பிள்ளை."

"துண்டில ஒபிஸ் எண்டு கிடக்கு, அண்ணை."

"அப்ப அதுதான்."

வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாவு என்று சொல்லக் கூடாது, தூசி என்று சொல்லக் கூடாது. ஆனால் எதைச் சொல்லலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லையே. என் வீட்டு வாசலில் நடக்கிற சட்டம் ஞாபகம் வந்தது.

"அண்ணை, வேலையால வீட்டை வந்த உடன முதல் என்னத்தைக் கழுவுறனீங்கள்?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. சிரிப்பு இருமலாக மாறி ஓய்ந்தது.

"காது, பிள்ளை. காதும் மூக்கும். மூக்குக்குள்ள களியாக் கிடக்கும். மா மூட்டையை வெட்டிக் கொட்டுறது நான்தானே. பேந்து ஒரு தேத்தண்ணி குடிச்சாத்தான் தொண்டை திறக்கும்."

"ஒபிஸில மேசை இல்லையோ?"

"இருக்கு, இருக்கு. நல்ல நீள மேசை. மேல பெல்ற் ஓடும், பாண் போகும்."

எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் போட்டேன். கழுவுகிற கேள்வியும் மேசைக் கேள்வியும் எழுதித் தந்ததில் இல்லாதவை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். பொறுப்பாளர் வாசித்தார். கழுவுகிற கேள்விக்குப் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் மாவு என்ற சொல் பதில் சொன்னவரின் வாயிலிருந்துதானே வந்தது, இது போதும் என்றார். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைக்கு ஒரு மஞ்சள் பலூன் வாங்கினேன். எதற்கு என்று கணவர் கேட்டார். சும்மா என்றேன்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸும் தேநீருமாக நின்றோம். மகள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் இருமிக்கொண்டே என்னிடம் வந்து, வான் நிற்கிற மூலையால் கார்டரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற பிள்ளை நீங்கள்தானே, தொலைபேசியில் கேட்ட குரல் போல இருக்கிறது என்றார். நான் ஓமென்றும் சொல்லக் கூடாது, இல்லையென்றும் பொய் சொல்ல முடியாது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அண்டைக்குக் கதைச்சதை வெட்டிவிடுங்கோ."

மண்டபத்தின் ஓரத்துக்கு நகர்ந்தோம். மெதுவாகச் சொன்னார். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் நிற்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுகிற விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது. அதில் அவருடைய வேலை அலுவலக உதவியாளர். துண்டைப் பார்த்து நிரப்பியது. பெயர் எங்கும் போகாது, எண்தான் போகும், ஆய்வுக்கும் குடிவரவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நம்பாமல் அல்ல, நம்பினால் மட்டும் போதாது என்பது போல.

"என்ர கேஸ் முதல் தரம் விழுந்தது ஒரு திகதியால, பிள்ளை. நான் சொன்னது ஒண்டு, கடதாசியில கிடந்தது ஒண்டு. நான் சொன்னதுதான் சரி. என்ன பிரயோசனம்? துண்டில ஒண்டு, வாயில ஒண்டு எண்டு இனி இருக்கக் கூடாது."

பிறகு மகளின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையைத் தன் காற்சட்டையில் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கை. அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் தன் வார்த்தையைத் திரும்ப எடுக்கலாம் என்று எங்கள் விதியே சொல்கிறது. ஆனால் அந்த ஒரு பதில்தான் மற்ற எல்லோரையும் கதிரையிலிருந்து எழுப்பி மாவுக்குள் நிறுத்தக்கூடியது. அதை வெட்டினால் அவர்களுடைய இருமல் எல்லாம் மேசைக்காரர்களின் இருமலாகக் கணக்கில் போகும். கடைசியில் அலுவலக வேலைக்கும் மூச்சு வருத்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறதாம் என்று யாராவது எழுதுவார்கள். பாண் தொழிற்சாலையின் காற்று சுத்தம் என்றாகிவிடும்.

பூசைக்குப் போய்வந்த களையோடு அன்று மத்தியானம் சோறு வடித்துக்கொண்டு நின்றபோது, வெட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்றும் யோசித்தேன். கோயிலில் கேட்டது அலுவலகத்தில் கேட்டதாகாது என்று ஒரு சட்டத்தையும் எனக்குள்ளே எழுதிப் பார்த்தேன். ஆனால் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருடைய வாயிலிருந்து எடுத்த உண்மையை அவருக்கு எதிராக வைத்துக்கொண்டால், அந்த விசாரணை மண்டபத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

திங்கட்கிழமை பொறுப்பாளரிடம் போய், ஒருவர் தன் பதிலைத் திரும்ப எடுத்துவிட்டார் என்றேன். எங்கே, எப்போது என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரிக்குச் சொல்ல மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவர் முன்னாலேயே அந்தப் பதிலை அழித்தேன்.

"அப்படியானால் பச்சையை ஏற்றுக்கொள்," என்றார்.

"மாட்டேன்."

"உன்னிடம் ஆதாரம் இல்லை."

"இல்லை. ஆகவே தொழிற்சாலை என்றும் போட மாட்டேன், அலுவலகம் என்றும் போட மாட்டேன். தகவல் போதாது என்று ஒரு எண் இருக்கிறதே. அதைப் போடுகிறேன்."

அந்த எண் மென்பொருளின் அடியில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். யாரும் விரும்பாத எண் அது. அதை அதிகம் போடுகிறவர் வேலை தெரியாதவர் என்று அர்த்தம். ஒவ்வொருவரும் எத்தனை தரம் போட்டோம் என்பதை மென்பொருளே எண்ணி மேலே அனுப்பும். நல்ல பச்சை காட்டிய இடத்தில் சாம்பலைப் போட்டால் அது இன்னும் மோசம். ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. குரலில் கவலை இருந்தது. என்னுடைய பிரெஞ்சு பதற்றத்தில் எப்போதும் நொண்டும். அன்றைக்கும் நொண்டியது. நொண்டிக்கொண்டே சொன்னேன்: எல்லாத் துண்டிலும் ஒரே வேலை இருக்கிறது, எல்லா நெஞ்சிலும் ஒரே இருமல் இருக்கிறது, பதிவுக்குள் இருக்கிற இந்த இரண்டுமே போதும், துண்டை நம்ப முடியாது என்று காட்ட. இது எனக்குத் தெரிந்ததை ஊற்றுவது அல்ல. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது. மென்பொருளுக்கு நிச்சயம் இருக்கலாம். எனக்கு இல்லை.

போய் இருந்து அவர்கள் எல்லோருக்கும் சாம்பல் எண்ணைப் போட்டேன். காரணம் எழுதும் பெட்டியில் ஒவ்வொரு தரமும் ஒரே வசனத்தை, முழுதாக, பிரதியெடுத்து ஒட்டாமல், கையால் அடித்தேன்: வேலைப் பெயர் ஏஜென்சியுடையது, வேலைத்தலம் தெரியாது. இடையில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கார்டரிக்குத் தொலைபேசி எடுத்துப் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டேன். திரும்பி வந்து மிச்சத்தைப் போட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சேட்டை வாசலில் கழற்றிக் கூடைக்குள் போட்டார்.

"வேலை போனா மூலையில வான் நிக்குதுதானே," என்றார். "உம்மை ஏத்த மாட்டாங்கள். நீர் மூட்டையிலயும் தகவல் போதாது எண்டு எழுதிப்போடுவீர்."

வேலை போகவில்லை. முழுதாக மிஞ்சவும் இல்லை. ஒப்பந்தத்தை அரைநாளாக நீட்டினார்கள். கார்டரி இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ள அது போதுமாக இருந்தது. சாம்பல் எண்களால்தான் பாதியாகியதா, நிதி குறைந்ததாலா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொறுப்பாளர் என் வசனத்தை அப்படியே கூட்டத்தில் வாசித்தாராம். நெடிய வாக்குவாதமாம். முடிவில் அந்தப் பதிவுகளை அலுவலகக்காரர்களோடு சேர்ப்பதில்லை, வேலைத்தலம் தெரியாத ஏஜென்சித் தொழிலாளர் என்று தனி வரியில் வைப்பது என்று தீர்மானித்தார்கள். மாவு என்று எங்கும் இல்லை. நான் விரும்பியது அது அல்ல. ஆனால் அந்த வரி வெறுமையாக, யாராவது வந்து கேட்கட்டும் என்று திறந்து கிடக்கிறது. பொய்யால் நிரப்பி மூடியிருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதை எழுத அந்த அண்ணையிடம் அனுமதி கேட்டேன். குடும்பம் வந்துவிட்டது. மனைவியைக் கோயிலில் எனக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவருடைய வயதை மாற்றி எழுதுகிறேன், வேறு சிலவற்றையும் மாற்றுகிறேன் என்றேன். "வயசைக் குறைச்சு எழுதுங்கோ, கூட்டாதேங்கோ," என்றார். வேறு நிபந்தனை இல்லை. இன்னும் இருமுகிறார். வைத்தியரிடம் என்ன வேலை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

இப்போது ஆய்வின் அடுத்த சுற்று வரப்போகிறது. தமிழ் பேசுகிறவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்கும் பகுதியை நீயே தமிழில் எழுது என்று பொறுப்பாளர் என்னிடம் தந்திருக்கிறார். எந்தக் கேள்வியை எழுதினாலும் அடுத்த நாள் அழிக்கிறேன். கழுவுகிற கேள்வியைச் சில பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பிள்ளையின் பால் போத்தல் என்றார், இன்னொருவர் சட்டிபானை என்றார், மூன்றாமவர் உமக்கென்ன வேலை இல்லையோ என்றார். அந்த அண்ணையிடமிருந்து வந்த உண்மை பெண்களிடமிருந்து அதே கேள்விக்கு வரவில்லை. தையல் ஆலையில் நிற்கிறவர்கள் அவர்கள், பஞ்சுக்குள். என்ன வேலை என்று நேரடியாகக் கேட்டால் பொலித்தீன் பை வரும். பையைத் திறக்க வேண்டாம் என்று முதலே சொன்னால் பயம் வரும். பெயர் போகாது என்று சொன்னால், பெயரைப் பற்றி ஏன் கதைக்கிறாள் என்று சந்தேகம் வரும்.

வெட்கத்தை விடச் சொல்லுங்கள், உண்மையைப் பேசச் சொல்லுங்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். அவர்களிடம் வெட்கமும் இல்லை, பொய்யும் இல்லை. கடதாசியால் ஒருமுறை அடிபட்டவர்கள் கடதாசியின் பின்னால் நிற்கிறார்கள்; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், ஒரு அண்ணை, ஒரு மாமி, ஒருவேளை நீங்களே. நாள் முழுதும் எதற்குள் நின்று மூச்சு விடுகிறார் என்பதை அவர் பயமில்லாமல் சொல்ல வேண்டுமானால், முன்பின் தெரியாத ஒரு பெண் தொலைபேசியில் அவரிடம் எதை, எந்தச் சொற்களில் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேள்விகளை நான் வசந்தத்துக்குள் கொடுக்க வேண்டும்.